ஏழு வருடமாக கிம்ப்பில் மலை ரயில் ஓட்டுகிறேன்

குன்னூரில் டீத்தூள், தைல எண்ணெய், வர்க்கி விற்கும் சின்னக் கடை எங்களுடையது. 2018-ல் கடைக்கு ஒரு அசையும் படம் செய்யலாம் என்று ஆசை வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, மலை ரயில் புகை விட்டுக்கொண்டு ஏற வேண்டும், கீழே கடைப் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான். மாதச் சந்தா கட்டும் மென்பொருளெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, சீசன் இல்லாத மாதங்களில் வாடகைக்கே முழி பிதுங்கும். அப்படித்தான் கிம்ப் வந்து சேர்ந்தது. 1995-ல் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய, படம் வரையவும் திருத்தவும் உதவும் மென்பொருள், இன்றுவரை இலவசம். நான் அதன் 2.10 பதிப்பில் ஆரம்பித்து இப்போது 3.0-ல் இருக்கிறேன்.

கிம்ப்பில் அனிமேஷனுக்கு என்று தனி இடம் எதுவும் கிடையாது. கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒவ்வொரு லேயரும் ஒரு ஃபிரேம், அதாவது அசையும் படத்தில் ஒரு நொடிக்காட்சி, அதுதான் மொத்த விஷயமும். அடியில் இருக்கும் லேயர் முதலில் வரும், மேலே இருப்பது கடைசியில். இது தெரியாமல் முதல் படத்தை மேலே வைத்து அடுக்கிக்கொண்டே போனேன், ஓடவிட்டுப் பார்த்தால் ரயில் பின்னோக்கி மேட்டுப்பாளையத்துக்கே இறங்கிக்கொண்டிருக்கிறது! நல்லவேளையாக லேயர் மெனுவில் ஸ்டாக் என்பதற்குள் வரிசையை ஒரேயடியாகத் தலைகீழாக்க வழி இருக்கிறது. ஓட்டிப் பார்க்க ஃபில்டர்ஸ் மெனுவில் அனிமேஷன், அதற்குள் பிளேபேக்.

வேகத்தை லேயர் பெயரிலேயே எழுதலாம். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் 200 என்று போட்டு எம், எஸ் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் அந்த ஃபிரேம் 200 மில்லிசெகண்ட் நிற்கும். எழுதாமல் விட்டால், ஜிஃப் என்ற அசையும் பட ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யும்போது கேட்கும் பெட்டியில் இருக்கும் 100 தான். 100-ல் நம்ம ரயில் பறக்கிறது. ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கும் வண்டி அது, அதனால் 250 வைத்தேன், பார்க்கவும் சரியாக இருந்தது.

புகைதான் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. ரயிலை ஒரு லேயரில் வைத்துவிட்டு மற்ற லேயர்களில் புகை மட்டும் வரைந்தேன். எக்ஸ்போர்ட் பெட்டியில் முக்கியமாக இரண்டு வழி இருக்கிறது: முந்தைய ஃபிரேமின் மேலேயே அடுத்ததை ஒட்டுவது, அல்லது முந்தையதை எடுத்துவிட்டு அடுத்ததைக் காட்டுவது. முதல் வழியில் பழைய புகை போகாமல் சேர்ந்து சேர்ந்து கடைசியில் டீ ஃபேக்டரி தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது வழியில் புகை வரும்போது ரயில் காணாமல் போகிறது. கடைசியில் ரயில் லேயரை ஆறு தடவை நகலெடுத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு புகையை வைத்து, இரண்டையும் ஒன்றாக்கி, எடுத்துவிட்டுக் காட்டும் வழியில் போட்டதும் சரியானது. இன்னொன்று, ஜிஃப்பில் பாதி ஒளிபுகும் புள்ளி என்பதே இல்லை, புள்ளி ஒன்று தெரியும் அல்லது தெரியாது. மெல்லிய புகையின் ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தால் அதுதான் காரணம். பின்னணி நிறத்தை அடியில் போட்டுவிடுங்கள், வம்பே இல்லை.

மூடுபனியும் இதே கதைதான். ஜிஃப் 1987-ல் வந்த வடிவம், ஒரு ஃபிரேமில் 256 நிறத்துக்கு மேல் தாங்காது. கிம்ப் இன்னும் ஒரு படி கீழே போய், எல்லா லேயருக்கும் சேர்த்தே ஒரே 256-ஐத்தான் கொடுக்கிறது. குன்னூர் பக்கத்தில் இருக்கும் லாம்ப்ஸ் ராக் மலைமுனையில் பனி ஏறுவதை எடுத்த போட்டோக்களை அடுக்கிப் பார்த்தேன், பனி பட்டை பட்டையாக, வெங்காயம் நறுக்கின மாதிரி தெரிந்தது. டிதரிங், அதாவது இருக்கிற நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து தூவும் வழி, போட்டால் பட்டை மறையும், ஆனால் ஒரே நிறம் தொடர்ந்து வந்தால்தான் ஜிஃப் நன்றாகச் சுருங்கும் என்பதால் ஃபைல் ஊதிவிடும். இப்போதெல்லாம் போட்டோவை ஜிஃப் ஆக்குவதே இல்லை, வரைந்த படம், பத்துப் பன்னிரண்டு நிறம், அத்தோடு சரி. முடிந்ததும் அனிமேஷன் மெனுவில் இருக்கும் ஆப்டிமைஸை ஓட்டினால், மாறாத பகுதியை நீக்கி இன்னும் சிறிதாக்கித் தரும்.

தமிழ் எழுத்து விஷயத்தில் குறையே சொல்ல மாட்டேன், யூனிகோடு எழுத்துரு எதைப் போட்டாலும் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றன.

பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. ரயிலை முடித்து எல்லோருக்கும் அனுப்பினேன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா நேராகக் கடைக்கே வந்துவிட்டார். "என்ன தம்பி, இன்ஜினை முன்னாடி போட்டிருக்கீங்க? கல்லாறுல இருந்து குன்னூருக்குப் பின்னாடி நின்னு தள்ளிட்டுத்தானே வரும்?" தினமும் பார்க்கிற வண்டி, இது தோன்றவில்லை பாருங்கள். திருத்தலாம் என்று போனால் என்னிடம் ஜிஃப் மட்டும்தான் இருந்தது. ஒன்றாக்கிய லேயரை மறுபடி பிரிக்க முடியாது. ஆறு ஃபிரேமையும் முதலிலிருந்து வரைந்தேன், அதுவும் ஐப்பசி மழையில், நடுவில் ஒருமுறை கரண்ட் போய்ப் பாதி வேலையும் போனது, கிம்ப் தானாகச் சேமிக்காது. அன்றிலிருந்து, லேயர்களை அப்படியே வைத்திருக்கும் கிம்ப்பின் சொந்த ஃபைலான எக்ஸ்சிஎஃப்பை, லேயரை ஒன்றாக்குவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்கிறேன்.

கிம்ப்பில் ஃபிரேம்களை நேர வரிசையில் காட்டும் டைம்லைன் இல்லை, முந்தைய ஃபிரேமை மங்கலாக அடியில் காட்டும் வசதியும் இல்லை. நடக்கிற மனிதனை வரையப் போகிறீர்கள் என்றால் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளுக்குப் போய்விடுங்கள், அதுவும் இலவசம்தான், அதில் இரண்டும் உண்டு. கடைப் பெயர் மின்னுவது, டம்ளரில் ஆவி பறப்பது, இந்த அளவுக்கு கிம்ப் தாராளம். 3.0-ல் பல லேயர்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து நகர்த்த முடிகிறது, முன்பு லேயர்களை இணைக்க ஒவ்வொன்றுக்கும் சங்கிலிப் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு அதற்காகவே மாறினது வீண்போகவில்லை.

போன மாதம் மாமா மறுபடி வந்தார். "இன்ஜின் சரி. பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் கொடியோட நிப்பாரே, அவர் எங்க?" எக்ஸ்சிஎஃப் கையில் இருந்ததால் நாலு பெட்டிக்கும் ஆளை நிறுத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கொடியைத்தான் இன்னும் ஆட்டவில்லை.