இடியன் துவக்கைக் கழுவ எது நல்லது? மண்ணெண்ணெய் முதல் சவர்க்காரத் தண்ணீர் வரை

காட்டுப்பன்றித் தொல்லைக்காக அனுமதிப்பத்திரத்தோடு இடியன் துவக்கு வைத்திருக்கும் விவசாயிகள் நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கங்களில் இன்னும் இருக்கிறோம். எங்கள் வீட்டில் இருப்பது அப்பா காலத்து ஒற்றைக்குழல். வாய்வழியாகக் கறுப்பு வெடிமருந்து போட்டு, கம்பியால் இடித்து, குழலின் அடியில் துளையோடு இருக்கும் சிறு முனையான நிப்பிளில் கேப் (அடி பட்டால் தீப்பொறி தரும் சிறு மூடி) வைத்துச் சுடுவது. உருளைக்கிழங்குப் பாத்தியில் பன்றி இறங்கினால் ஒரு வெடி போட்டு விரட்டத்தான் பெரும்பாலும் எடுக்கிறோம். வேலியோரத்தில் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அது சட்டவிரோதம், போகிற வருகிற ஆளையும் கொல்லும்.

சுடுவது நிமிஷ வேலை, கழுவுவதுதான் பெரிய வேலை. இதற்கென்றே தயாரித்த திரவங்கள் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை. அதனால் வீட்டில் இருக்கும் மண்ணெண்ணெய், சவர்க்காரம், ஸ்பிரிட், தேங்காய் எண்ணெய் என்று ஒவ்வொன்றையும் வருஷக்கணக்கில் பாவித்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் குழலுக்குள் என்னதான் படிகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கறுப்பு மருந்தில் வழமையாக நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்து முடிந்ததும் எடையில் பாதிக்கு மேல் திண்மமாகவே மிஞ்சும். அதில் ஒரு பங்கு புகையாகப் பறக்கிறது, மற்றது குழலில் ஒட்டிக்கொள்கிறது. பொட்டாசியம் காபனேற்று, சல்பேற்று, சல்பைட்டு, கூடவே எரியாத கரி. பெரும்பகுதி உப்பு. அதிலும் காபனேற்று காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். 1868 மீற்றர் உயரத்தில், நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்கும் நுவரெலியாவில் அதற்குக் குடிக்க ஈரத்துக்குக் குறைவே இல்லை. ராத்திரி சுட்டு அப்படியே சாய்த்து வைத்த துவக்கின் வாயில் விடிந்ததும் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்த கரியாக இருந்தது கறுப்புச் சேறாகியிருக்கும். அதற்கு அடியில் துரு பிடிக்க ஆரம்பித்திருக்கும்.

கழுவுவதற்கு அப்பாவின் வைத்தியம் மண்ணெண்ணெய். "மண்ணெண்ணெய் ஊத்தினாத்தான்டா துவக்கு சுத்தமாகும்" என்பார். எண்ணெய்ப் பிசுக்கையும் புகைக்கரியையும் அது நன்றாகவே எடுக்கும். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை தேய்த்தால் பளபளவென்று இருக்கும். ஆனால் உப்பு மண்ணெண்ணெயில் கரையாது. வெள்ளைத் துணியைப் பார்த்துத் திருப்தியோடு துவக்கை மாட்டி வைத்துவிட்டு, மறுநாள் புதுத் துணி ஒன்றைச் செலுத்தினால் அது காவி நிறத்தில் வரும். பெற்றோல், தின்னருக்கும் இதே கதைதான், தீப்பற்றும் பயம் வேறு. இன்னொன்று, மண்ணெண்ணெய், மெஷின் ஒயில் போன்றவை குழலில் தங்கியிருக்க அதன்மேல் கறுப்பு மருந்து எரிந்தால் கசடு தாராகக் கெட்டியாகும். அடுத்த முறை கழுவுவது இரட்டை வேலை.

2022இல் மண்ணெண்ணெய்க்குப் போத்தலும் கையுமாக மலையகமே வரிசையில் நின்றபோது அடுப்புக்கே இல்லை, துவக்குக்கு எங்கே போவது? அப்போதுதான் தண்ணீரை முழுதாக நம்பத் தொடங்கினேன். இன்றுவரை மாற்றவில்லை.

முறை இதுதான். முதலில் துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேப்பை எடுத்துவிட்டு, இடிகம்பியைக் குழலுக்குள் இறக்கி, அது அடிவரை போகிறதா என்று வெளியே வைத்து அளந்து பாருங்கள். நாங்கள் கம்பியிலேயே வெறுங்குழலுக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். மருந்து டப்பாவும் கேப் பெட்டியும் கழுவுகிற இடத்தில் இருக்கக் கூடாது, பக்கத்தில் அடுப்பும் கூடாது. பிறகு பட்டிகளைக் கழற்றிக் குழலை மரக்கட்டையிலிருந்து பிரித்து, நிப்பிளையும் கழற்றி, அடிப்பக்கத்தை வாளித் தண்ணீருக்குள் நிறுத்துங்கள். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி போதும். கம்பி நுனியில் பழைய சாரத் துணியை இறுக்கிச் சுற்றி மேலும் கீழும் இழுத்தால் நிப்பிள் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும். அழுகின முட்டை நாற்றம் வரும். சல்பைட்டு தண்ணீரோடு சேர்வதால் வருவது அது, பயப்பட ஒன்றுமில்லை, முற்றத்தில் வைத்துச் செய்தால் சரி. முதல் வாளி மைக்கறுப்பு, அடுத்தது பிளேன்டீ நிறம், பிறகு தெளிவு. தெளிந்ததும் சவர்க்காரம் இல்லாத சுடுதண்ணீரால் ஒரு அலசு.

சுடுதண்ணீர் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. கொதிதண்ணீர் ஊற்றினால் இரும்பு உடனே மெல்லிய துரு பூக்கும், வெதுவெதுப்புப் போதும் என்பார்கள். அது உண்மைதான், பூக்கும். ஆனால் எங்கள் குளிரில் ஆறிய குழலுக்குள் இருக்கும் ஈரம் லேசில் போகாது, நிப்பிள் புரிக்குள் போனது போகவே போகாது. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் குழல் கையில் பிடிக்க முடியாதபடி காய்ந்து, தன் சூட்டிலேயே உலர்கிறது. பூத்த துரு எண்ணெய்த் துணியோடு வந்துவிடும். கண்டி, மாத்தளை மாதிரி வெப்பமான இடமென்றால் வெதுவெதுப்புக் கட்சியில் சேர்ந்தாலும் குற்றமில்லை.

குழல் கழற்ற முடியாத துவக்கென்றால் கேப்பில் அடிக்கும் குதிரைக்கும் நிப்பிளுக்கும் நடுவே தோல் துண்டு ஒன்றை வைத்து அடைத்துவிட்டு, வாய்வழியாகத் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் ஊறவிட்டுக் கவிழ்க்கலாம். கட்டையில் தண்ணீர் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். குதிரையை இயக்கும் பூட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் பிறகு அதையும் பிரிக்க வேண்டி வரும்.

ஃபாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டுக்கு என் வீட்டில் நிரந்தர இடம் உண்டு. கழுவிய பின் ஸ்பிரிட்டில் நனைத்த துணி ஒன்றைச் செலுத்தினால் மிச்ச ஈரத்தையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். மழைக்காலத்தில் இது பெரிய உதவி. கட்டையில் மட்டும் படவிடாதீர்கள், பிரெஞ்ச் பொலிஷ் அடித்த மரமென்றால் கரைத்துவிடும்.

வேண்டாதவற்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைத்துணிக்குப் போடும் பிளீச் இரும்பை அரித்துத் தின்றுவிடும், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவம் ஓரளவு வேலை செய்யும், அதிலும் உள்ளது பெரும்பாலும் தண்ணீர்தானே. ஆனால் பித்தளைப் பாகங்களுக்கு அமோனியா ஆகாது. அமோனியாவையும் பிளீச்சையும் தப்பித்தவறியும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். ஹைட்ரஜன் பெரொக்சைட் நுரைத்து வருவதைப் பார்க்க நன்றாக இருக்கும், கொஞ்சம் தங்கினாலும் துருதான். வினாகிரி குழலின் நிறப்பூச்சை உரித்துவிடும்.

கடைசியாக எண்ணெய். கீழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் தேங்காய் எண்ணெய் போதும் என்பார்கள். அவர்களுக்குப் போதும். இங்கே காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாதே! ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும், நுவரெலியாவில் நடுப்பகலிலும் பல நாள் அந்தச் சூடு இருப்பதில்லை. பூட்டுக்குள் உறைந்தால் குதிரை சோம்பி விழும், கேப் வெடிக்காமல் போகும். ஆகவே பூட்டுக்குத் தையல் மெஷின் ஒயில் ஒரு சொட்டு, நிப்பிள் புரிக்குத் துளி கிறீஸ், குழலுக்கு உள்ளும் புறமும் அதே மெஷின் ஒயிலில் நனைத்த துணி. பிறகு வாய் கீழே பார்க்கச் சாய்த்து வைப்போம், இல்லாவிட்டால் எண்ணெய் வடிந்து நிப்பிள் துளையை அடைக்கும், கட்டையையும் ஊறவைக்கும். மறுநாள் வெள்ளைத் துணி ஒன்று செலுத்திப் பார்க்க வேண்டும். காவி வந்தால் திரும்பத் தண்ணீர்தான். அடுத்த தடவை மருந்து போடுமுன் அந்த எண்ணெயை ஸ்பிரிட் துணியால் துடைத்து எடுப்பது முக்கியம்.

இதெல்லாம் பாவனையில் இருக்கும் இரும்புக்குழல் துவக்குக்கு. பரம்பரையாக வந்த கண்டி ராச்சிய காலத்துத் துவக்கு, இடப்பக்கம் பூட்டு வைத்துச் சித்திர வேலை செய்தது, யார் வீட்டிலாவது இருந்தால் தண்ணீரோ ஸ்பிரிட்டோ எதுவும் ஊற்றாதீர்கள். நூதனசாலைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுங்கள்.