புண்ணுக்குப் போடும் தேன் என்று சொல்லி 4,800 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்

நேற்று ராத்திரிதான் அவர்களுடைய கடைசிப் பதில் வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நீங்களாவது ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை. செருப்பு கடித்த இடம் புண்ணாகி, இரண்டு மாதமாக ஆறவில்லை. காயத்துக்கென்றே மருத்துவத் தேன் இருப்பது உண்மைதான். நியூசிலாந்தில் மனுகா என்ற செடியின் பூவிலிருந்து கிடைக்கும் தேனில் உள்ள மெத்தில்கிளையாக்சால் என்ற வேதிப்பொருள் கிருமிகளை அடக்கும். சூடாக்கினால் தேனில் இருக்கும் நொதி கெட்டுப்போகும் என்பதால் காமா கதிர் பாய்ச்சிக் கிருமிநீக்கம் செய்து, டியூபில் அடைத்து விற்கிறார்கள். இவ்வளவும் படித்துவிட்டுத்தான் ஆன்லைனில் மருத்துவப் பொருள் விற்கும் ஒரு தளத்தில் கேட்டேன், "கதிர் பாய்ச்சியதுதானே?" என்று.

அந்தத் தளத்தில் வேலை செய்யும் பையன் போனிலேயே கூப்பிட்டான். "ஆமாக்கா. எங்க அம்மா கால் புண்ணுக்கே இதத்தான் போட்டோம். மூணே வாரம், தோல் மூடிருச்சு." எங்க அம்மா என்று அவன் சொன்னதும் சான்றிதழ் கேட்க வாய் வரவில்லை. பெற்றவளை வைத்து யாராவது பொய் சொல்வார்களா? அந்த நிமிடமே 4,800 ரூபாய் அனுப்பினேன்.

வந்தது கண்ணாடி பாட்டில். முன்பக்கம் பெரிதாக 'மருத்துவத் தரம்'. கட்டு மாற்றப் போனபோது சிஸ்டரிடம் கொடுத்தேன். அவர் பாட்டிலைத் திருப்பி, ஓரமாக ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அடியில் 14 இலக்க உணவு உரிம எண். அதற்குக் கீழே, 'தினமும் ஒரு ஸ்பூன் வெந்நீரில் கலந்து பருகவும்'.

"இது சாப்பிடுற தேன்மா. இதுல கிருமியோட வித்து இருந்தாலும் இருக்கும். திறந்த புண்ணுல வைக்கவே கூடாது" என்றார். அவர் பார்க்காமல் இருந்திருந்தால்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "48 மணி நேரத்தில் அழைப்போம்." யாரும் அழைக்கவில்லை. பிறகு "மூடி திறந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்." மூடியை நாங்கள் தொடவே இல்லை, போட்டோ அனுப்பினேன். "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று வந்தது. அக்கா அக்கா என்று பேசியவன் என் எண்ணைப் பிளாக் செய்துவிட்டான். 4,800 ரூபாய், அம்மாவின் ஒரு மாத மாத்திரைச் செலவு.

சரி, சொல்ல வந்தது. உணவு உரிம எண் மட்டும் இருந்தால் அது புண்ணுக்கான தேன் இல்லை. கிருமிநீக்கம் செய்தது, காயத்துக்கானது என்று அச்சில் இருக்க வேண்டும், ஸ்டிக்கரில் அல்ல. சர்க்கரைப் புண்ணுக்கு டாக்டரைக் கேட்காமல் எந்தத் தேனையும் வைக்காதீர்கள். இன்னும் எழுதலாம், அம்மாவைக் கட்டு மாற்றக் கூட்டிப்போக வேண்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தாயிற்று. பாட்டில் அலமாரியில் அப்படியே இருக்கிறது, ஸ்டிக்கர் பாதி கிழிந்தபடி.