ரைஃபிள் குழலைச் சுத்தம் செய்ய: கம்பியா, கயிறா?

குறி சிதற ஆரம்பித்ததும் பலர் ஸ்கோப்பைத்தான் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகுகிறார்கள். முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டு, குழலுக்குள் பாருங்கள்; அழுக்குப் படிந்திருக்கலாம். அதை எடுக்க இரண்டு வழி: முனையில் துணி மாட்டிக் குழலுக்குள் தள்ளும் கம்பி, குழல் வழியே இழுத்தெடுக்கும் துப்புரவுக் கயிறு.

வேகம்: கயிறு இரண்டு இழுப்பில் முடிந்துவிடும். கம்பிக்குப் பொறுமை வேண்டும்.

ஆழம்: இங்கே கம்பிதான். புல்லட் விட்டுப்போன செம்புப் படிவம் அம்மோனியா கலந்த கரைப்பானில் ஊறியபின் துணியில் நீலப்பச்சையாக வரும், அந்த நிறம் நிற்கும்வரை தள்ள வேண்டும் (கம்பியில் பித்தளை முனை மாட்டியிருந்தால் அதிலுள்ள செம்பே நீலம் காட்டி ஏமாற்றும்). கயிற்றால் இவ்வளவு முடியாது.

ஆபத்து: கம்பி வளைந்து உரசினால் குழல்வாய் கெடும், அதனால் முடிந்தவரை பின்பக்கமிருந்தே விடுங்கள். நைந்த கயிறு உள்ளேயே அறுந்தால் எடுப்பது பெரும்பாடு. துவைக்காத கயிறோ பழைய அழுக்கையே தேய்க்கும்.

சுட்டு முடித்த கையோடு துடைக்கக் கயிறு போதும். துல்லியம் போய்விட்டதா, கம்பியை எடுங்கள்.