ஜினகாஞ்சி – திருமலை ஒருநாள் மரபுப் பயணம்: கட்டடம் தெளிவு, வரலாறு குழப்பம்

சென்னையிலிருந்து சிறு குழுக்களை வேனில் அழைத்துச் செல்லும் ஒரு மரபுப் பயண நிறுவனம் நடத்தும் சமணக் கோயில் பயணத்தைப் பற்றிய மதிப்புரை இது. ஆளுக்கு 2,400 ரூபாய். வேன், மதிய உணவு, வழிகாட்டி, ஒரு சிறு கையேடு எல்லாம் அதில் அடக்கம். காலையில் காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம், பிற்பகலில் போளூர்ப் பக்கத்துத் திருமலை என்று திட்டம் வகுத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்தகைய பயணத்துக்குப் பணம் கட்டும் முன் என்னென்ன கேட்டறிய வேண்டும் என்பதே இங்கு முக்கியம்.

பழைய நூல்கள் ஜினகாஞ்சி என்று குறிப்பிடும் திருப்பருத்திக்குன்றத்தில் வழிகாட்டி முதலில் பெரிய கோயிலுக்குள் அழைத்துச் செல்லாமல், பக்கத்தில் உள்ள சிறிய சந்திரப்பிரபர் கோயிலின் முன் குழுவை நிறுத்தினார். அது சரியான முடிவு. 8-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் பாணியில் மணற்கல்லால் எழுப்பப்பட்ட அந்த விமானத்தின் கீழ்த்தளம் உள்ளே அறையில்லாமல் அடைக்கப்பட்டு ஒரு மேடையாக நிற்க, கருவறை அதற்கு மேலுள்ள தளத்தில் அமைந்திருக்கிறது. வெளிச்சுவரில் தாவும் சிங்கங்களைத் தாங்கிய அரைத்தூண்கள், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். மணற்கல் மழையில் கரைந்து, சிங்கங்களின் முகவாய் மழுங்கியிருப்பதைக் காட்டிய வழிகாட்டி, அடுத்த கோயிலில் கருங்கல் தூண்களின் விளிம்புகள் இன்னும் கூர்மையாக இருப்பதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எந்தக் கல் எந்தக் காலத்தது என்பதை அதன்பிறகு குழுவில் இருந்தவர்கள் தாமாகவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பெரிய கோயிலான திரைலோக்கியநாதர் கோயில் ஒரே காலத்தில் கட்டப்பட்டதன்று. வர்த்தமானர் (மகாவீரர்) சன்னதியின் பின்புறம் யானையின் முதுகுபோல வளைந்த தூங்கானை மாடமாக இருக்கிறது; அதன் முன்னும் பக்கங்களிலும் சன்னதிகளும் மண்டபங்களும் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இங்கு உண்டு. முன்னால் உள்ள சங்கீத மண்டபத்தை 1387-ஆம் ஆண்டளவில் கட்டியவர் விஜயநகரத் தண்டநாயகர் (படைத்தலைவர்) இருகப்பர். தம் ஆசிரியரான புஷ்பசேன முனிவரின் சொற்படி அதைக் கட்டினார் என்று கல்வெட்டு கூறுகிறது. ஹம்பியில் இன்று காணிகித்தி கோயில் என்று அழைக்கப்படும் குந்துநாதர் கோயிலை எடுப்பித்தவரும் இவரே.

பயணத்தின் சிறந்த பகுதி இந்த மண்டபத்தின் விதானத்தில்தான் இருக்கிறது. மேற்கூரை முழுவதும் வரிசை வரிசையாக ஓவியங்கள். பெரும்பாலானவை 17, 18-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, மிகச் சில துண்டுகள் மட்டும் மண்டபம் எழுந்த காலத்தவை. அண்ணாந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும் என்பதை அறிந்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு முகக்கண்ணாடியைக் கொடுத்தார்கள். கண்ணாடியை இடுப்பளவில் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் விதானத்து ஓவியம் உள்ளங்கைக்குள் வந்துவிடுகிறது. முதல் தீர்த்தங்கரரான ரிஷபநாதரின் அவையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே நடனமங்கை நீலாஞ்சனையின் ஆயுள் முடிந்துபோவதும், அந்த நிலையாமையைக் கண்டு அவர் அரசைத் துறப்பதும் ஒரு வரிசை. அதை வழிகாட்டி அவசரப்படாமல் கட்டம் கட்டமாகச் சொன்னார். கண்ணனின் பிள்ளை விளையாட்டுகள் சமணக் கோயிலுக்குள் எப்படி வந்தன என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, இன்னொரு தீர்த்தங்கரரான நேமிநாதரும் கண்ணனும் நெருங்கிய உறவினர்கள் என்று சமண மரபு சொல்வதை எடுத்துக்காட்டினார். ஓவியங்களின் கீழே ஓடும் சிறு விளக்க எழுத்துகளையும் படித்துக் காட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித் தெரிவதால் அதற்கு மட்டும் அண்ணாந்துதான் ஆக வேண்டும். சுண்ணப்பூச்சு உதிர்ந்து கதை நடுவில் அறுபடும் இடங்களும் உண்டு.

கட்டடத்தை இவ்வளவு நன்றாகக் காட்டியவர், வரலாறு என்று வந்தால் தடுமாறுகிறார். வேனில் ஒலிபெருக்கியைப் பிடித்து அவர் சொன்ன கதையில், அப்பரும் சம்பந்தரும் வந்ததோடு தமிழகத்தில் சமணம் முடிந்துபோயிற்று. அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே போய் இறங்கிய இடத்தில், அவர்களுக்கு ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் ஓர் அரசின் தண்டநாயகர் கட்டிய மண்டபமும், அதற்கும் பின்னர்த் தீட்டப்பட்ட ஓவியங்களும் இருக்கின்றன. இந்த முரண்பாடு வழிகாட்டிக்கு உறைக்கவே இல்லை. அரசர்களின் ஆதரவு குறைந்த பிறகும் வணிகர்களும் ஊராரும் முனிவர் சங்கங்களும் நிலமும் விளக்கும் கொடுத்துக் கோயில்களைக் காத்தார்கள் என்பதைத்தான் இக்கோயில்களின் கல்வெட்டுகள் மீண்டும் மீண்டும் கூறுகின்றன. கோயிலின் பின்புறத்துக் குராமரத்தின் அடியிலும் குழு படம் எடுத்துக்கொள்வதற்கு மட்டுமே நின்றது. அம்மரம் தன் அளவில் குறைவதும் இல்லை, வளர்வதும் இல்லை என்று பாடும் ஒரு பழைய வெண்பாக் கல்வெட்டு அங்கே இருப்பதை யாரும் சொல்லவில்லை.

மதிய உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சமண முறைப்படி வெங்காயமும் கிழங்கும் இல்லாத சாப்பாடு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இலையில் விழுந்தது சின்ன வெங்காயச் சாம்பார். சுவையாகவே இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

திருமலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. காஞ்சியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊரைப் பிற்பகலில் வைத்ததே திட்டத்தின் பெரிய பிழை. குகையைச் செங்கற்சுவரால் தடுத்து அடுக்கடுக்காக அமைத்த அறைகள் உண்டு. அவற்றில் உள்ள ஓவியங்களை ஒரு கைவிளக்கின் வெளிச்சத்தில் பத்து நிமிடத்தில் பார்க்கச் சொன்னார்கள். பாறையிலேயே செதுக்கப்பட்ட 16 அடிக்கு மேல் உயரமான நேமிநாதரை, ஊரார் வழக்கில் சிகாமணி நாதரை, நிதானமாகப் பார்க்க முடிந்தது ஒன்றே ஆறுதல்.

திருமலையின் தனிச்சிறப்பு அதன் கல்வெட்டுகளில் இருக்கிறது. கோபுரத்துக்கும் ஓவியக் குகைக்கும் இடையே படிகளை ஒட்டிய பாறையில் முதலாம் ராஜேந்திர சோழனின் வெற்றிகளைப் புகழும் மெய்க்கீர்த்தி வெட்டப்பட்டிருக்கிறது. கங்கைப் படையெடுப்பையும், வங்காளத்துக் கோவிந்தசந்திரன், மகிபாலன் ஆகியோரைச் சோழப்படை வென்றதையும் விரிவாகச் சொல்லும் ஆவணங்களுள் இது முதன்மையானது. அவ்வளவு நீண்ட புகழ்ச்சிக்குப் பிறகு அது பதிவு செய்யும் செய்தி, நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை இங்குள்ள ஸ்ரீகுந்தவை ஜினாலயத்துக்கு (சமணக் கோயிலுக்கு) விளக்குக்கும் அமுதுபடிக்கும் அளித்த கொடை. வழிகாட்டியோ குந்தவைப் பிராட்டியே இந்தக் கல்வெட்டை வெட்டுவித்ததாகச் சொல்லிவிட்டு மேலே ஏறினார். ராஜராஜனின் தமக்கை பெயரால் ஜினாலயம் வழங்கியது என்பது வேறு. கொடை கொடுத்த பெண்ணின் பெயரையே விட்டுவிடுவது வேறு. ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டில் குணவீர முனிவர் ஏரிக்குக் கலிங்கு (நீர்ப்போக்கி) கட்டி, அதற்குக் கணிசேகர மருபொற்சூரியன் என்று ஒரு புலவர் பெயரை இட்டதும், வஞ்சியை ஆண்ட எழினி முன்பு அமைத்த இயக்கன், இயக்கி உருவங்களை அவன் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் பின்னர்ப் புதுப்பித்ததும் இதே மலையில் எழுத்தாக இருக்கின்றன. சமண முனிவர் ஒருவர் ஏரிப்பாசனத்தில் கைவைத்த செய்தியைக் கேட்டால் வேனில் தூங்கி வந்தவர்களும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கையேடு வழவழப்பான தாளில் அச்சாகியிருக்கிறது, படங்களும் தெளிவு. ஆனால் இரண்டு கோயில்களின் தரைப்படமும் இல்லை, ஒரு கல்வெட்டு வரிகூட இல்லை. சங்கீத மண்டப ஓவியங்கள் எந்த வரிசையில் ஓடுகின்றன என்று ஒரு பக்கப் படம் போட்டிருந்தால் அந்த 2,400 ரூபாயில் பாதி அதற்கே தகும், 1934-இலேயே டி. என். ராமச்சந்திரன் இக்கோயிலைப் பற்றி விரிவாக எழுதிச் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டிருப்பதால், தகவல் கிடைக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை.

முன்பதிவு செய்பவர்கள் திருமலையை எத்தனை மணிக்கு அடைவார்கள் என்பதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளவும். இதே நிறுவனம் திருப்பருத்திக்குன்றத்தை மட்டும் அரைநாளில் 1,100 ரூபாய்க்குக் காட்டுகிறது. அதிலும் முகக்கண்ணாடி உண்டு. இப்போதைய அட்டவணை மாறாதவரை அதை எடுத்துக்கொண்டு, திருமலைக்குத் தனியாக ஒருநாள் காலையில் ஆரணி வழியாகச் சொந்த ஏற்பாட்டில் போய்வருவது நல்லது.