பத்திர நகல் எடுத்துத் தருகிறேன் என்று 38,500 ரூபாய் ஏமாற்றிவிட்டார்கள் - ராமநாதபுரம் பக்கம் சொத்து வழக்கு நடத்துபவர்கள் படிக்கவும்

முந்தாநாள்தான் விஷயம் தெரிந்தது. இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்று இப்போதே எழுதுகிறேன். போனது 38,500 ரூபாய். எங்களுக்கு அது சின்னக் காசு இல்லை.

முதலில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். சாயல்குடி பக்கம் தாத்தா பெயரில் பனங்காடு இருக்கிறது, இரண்டு சர்வே எண்களில். அப்பாவும் சித்தப்பாவும் 1962-ல் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்திருக்கிறார்கள். அந்த ஒரிஜினல் சித்தப்பா வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் கேட்டால் இல்லை என்கிறார்கள். யுடிஆர் என்று அரசு நிலக் கணக்குகளைப் புதுப்பித்த அளவை வந்தபோது ஒரு சர்வே எண் முழுதும் சித்தப்பா பெயருக்குப் போய்விட்டது. அப்பா படிக்காதவர், கவனிக்கவில்லை. அவர் போன பிறகு நானும் தங்கையும் கேட்டதற்கு, "கட்டிக்கொடுத்த பொம்பளைப் பிள்ளைகளுக்கு என்ன பங்கு" என்று சித்தப்பா மகன் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினான். அப்பா சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது என்றார் வக்கீல். வழக்குப் போட்டோம்.

வக்கீல் கேட்டது மூன்று. 1962 பத்திரத்தின் சான்றிட்ட நகல், யுடிஆருக்கு முந்தைய பழைய 'அ' பதிவேட்டின் (எந்த நிலம் யார் பெயரில் என்று இருக்கும் கிராமக் கணக்கு) நகல், வில்லங்கச் சான்று. ஜெராக்ஸ் கொண்டுவந்தால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், அலுவலக முத்திரையும் கையெழுத்தும் உள்ள நகல்தான் வேண்டும் என்றார். ராமநாதபுரம் பழைய ஜமீன் பகுதி, 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசு நடத்திய நிலவரித் திட்டத்தில்தான் (செட்டில்மென்ட்) எங்கள் ஆட்களுக்குப் பட்டா வந்தது, அந்தப் பழைய பதிவேட்டில் தாத்தா பெயர் இருந்தால் யுடிஆரில் நடந்தது தப்பு என்று காட்டிவிடலாம் என்றும் சொன்னார்.

நான் மண்டபம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் வீட்டில் வருமானம் கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் இதற்கு அலைந்தேன். இரண்டு அலுவலகம் ஏறி இறங்கி, "வருஷம், நம்பர் தெரிஞ்சா வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டு, மத்தியான வெயிலில் நின்றபோதுதான் அந்தக் கடையின் போர்டு கண்ணில் பட்டது. அரசு இ-சேவை மையம் இல்லை. அதே நிறத்தில் போர்டு வைத்த தனியார் கடை. பட்டா, சிட்டா, வில்லங்கம், பழைய பத்திர நகல் எல்லாம் எடுத்துத் தரப்படும் என்று எழுதியிருந்தது. பெயரும் இடமும் இங்கே போடவில்லை, போலீசில் மனு கொடுத்திருக்கிறேன்.

உள்ளே போனதும் கடைக்காரர் "வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று ஃபேனைத் திருப்பி வைத்தார். நன்னாரி சர்பத் வாங்கி வரச் சொன்னார். நான் கேட்காமலே, தன் அம்மாவும் சாயல்குடி பக்கம்தான் என்றார். சர்வே எண் கேட்டு, தட்டி, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். தாத்தா பெயர் இருந்தது. யுடிஆரில் மாறாமல் விட்டுப்போன அந்த இன்னொரு எண்ணில், தாத்தா பெயரும் அவருடைய அப்பா பெயரும். நான் தாத்தாவைப் பார்த்ததுகூட இல்லை. அப்பா வாயில் கேட்ட பெயர் கண்ணாடித் திரையில் நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவருக்கு ஆபீஸ் உள்ளேயே ஆள் இருக்கிறது என்று அந்த நிமிஷத்தில் முழுதாக நம்பிவிட்டேன்.

அந்தப் பட்டாவை யார் வேண்டுமானாலும் வருவாய்த்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம் என்று முந்தாநாள்தான் தெரியும். என் மகள் போனிலேயே இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் காட்டினாள்.

பத்திர நகலுக்கு 12,000, பழைய பதிவேட்டுக்கு 15,000, வில்லங்கத்துக்கு 3,500, வரைபடம், ஆபீஸ் செலவு என்று 8,000. மொத்தம் 38,500. "ரெக்கார்டு ரூம்ல தேடணும்க்கா, சும்மா வேலை இல்ல." குழுக் கடனில் இருந்து 25,000 ஜிபே செய்தேன். மீதி 13,500-க்குக் காதில் கிடந்ததை அடகு வைத்துக் கையில் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "நம்ம ஊர்க்காரங்களுக்குள்ள என்னக்கா ரசீது" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பதினைந்து நாள் என்றது இரண்டு மாதம் ஆனது. சர்வர் வேலை செய்யவில்லை. தாலுகா ஆபீசில் ஜமாபந்தி (வருடாந்திரக் கணக்குச் சரிபார்ப்பு) நடக்கிறது. ரெக்கார்டு ரூம் சாவி வைத்திருப்பவர் லீவு. ஒவ்வொரு தடவையும் பஸ் பிடித்துப் போய் ஒவ்வொரு காரணம் கேட்டு வந்தேன். ஒரு தடவை, "அக்கா, பணம் மேல போயிருச்சு, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். எந்த மேல் என்று கேட்டேன். பதில் இல்லை, வேறு ஆளிடம் ஆதார் கார்டு வாங்கத் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் ஒரு கவரில் எல்லாம் வந்தது. முத்திரை, கையெழுத்து, கோபுரச் சின்னம் எல்லாம் இருந்தன. சந்தோஷமாக வக்கீல் ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அங்கே ரொம்ப வருஷமாக இருக்கிற பெரியவர், குமாஸ்தா, பத்திர நகலைக் கையில் வாங்கி முதல் பக்கம் படித்ததுமே நிறுத்திவிட்டார். "இங்க பாரும்மா, இது எந்த வருஷத்துப் பத்திரம்?" 1962 என்றேன். "எல்லை"யில் இருந்த 'லை'யின் மேல் விரலை வைத்தார். அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர்கள் லை, ளை, னை எல்லாவற்றையும் முன்னால் யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய வடிவத்தில்தான் எழுதுவார்களாம். இப்போது நாம் எழுதுகிற மாதிரி ஆனது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு. பக்கம் முழுக்க இப்போதைய எழுத்து. பழைய கையெழுத்து போல யாரோ போன மாதம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அப்புறம் எச்சில் தொட்டு முத்திரையைத் தேய்த்தார். மை கலையவே இல்லை, கலர் பிரிண்ட். வில்லங்கச் சான்றில் இருந்த கியூஆர் கோடை ஜூனியர் ஸ்கேன் செய்தால் வேறு கிராமம், வேறு ஆள்.

வக்கீல் சத்தம் போட்டார். இதைத் தாக்கல் செய்திருந்தால் போலி ஆவணம் கொடுத்ததாக என் மேலேயே வழக்கு வரும், உண்மையான பங்கும் சேர்ந்து போயிருக்கும் என்றார். எனக்கு 38,500-ஐவிட அதுதான் வயிற்றைக் கலக்கியது. அப்பா பெயர் போட்ட ஒரு காகிதத்தைப் பொய்யாக எழுதி, அதன் கீழே அவர் கைநாட்டு என்று ஒரு பெருவிரல் ரேகையும் வைத்திருக்கிறார்கள். அது யாருடைய விரலோ!

நேராகக் கடைக்குப் போனேன். ஒரு பையன் மட்டும் இருந்தான். "அண்ணன் மதுரை போயிருக்காரு." போன் செய்தால் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ காணவில்லை, பிளாக் செய்துவிட்டார். ஸ்டேஷனில், "நீங்களா விரும்பித்தானேம்மா குடுத்தீங்க, ரசீது எங்க" என்றார்கள். வக்கீல் வந்து பேசிய பிறகுதான் மனு வாங்கிச் சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) போட்டுக் கொடுத்தார்கள். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் அடித்தேன். ஜிபே போன உடனே சொல்லியிருந்தால் முடக்கப் பார்த்திருக்கலாம் என்றார்கள். நான் போனது இரண்டு மாதம் கழித்து.

என்னென்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும். 1975-க்குப் பிந்தைய வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் சும்மாவே பார்க்கலாம், பார்ப்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். கோர்ட்டுக்கு வேண்டியதை மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே மனுப் போட்டு, கட்டணம் கட்டி, ரசீதோடு வாங்குங்கள். நிலம் விற்ற பத்திரம், பாகப் பத்திரம் எல்லாம் அங்கே 'முதல் புத்தகம்' என்கிற பதிவேட்டில் இருப்பவை, நகல் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. பழைய பதிவேட்டுக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். இல்லை என்று எழுத்தில் சொன்னால் அதை வைத்துக் கோர்ட் மூலமாகவே வரவழைக்க மனுப் போடலாம் என்று வக்கீல் சொன்னார். நான் நேற்று இரண்டு மனுவும் போட்டுவிட்டேன். கியூஆர் இருந்தால் கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். எந்த நகலையும் வக்கீலிடம் காட்டாமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

இதே மாதிரிக் கடையில் நன்னாரி சர்பத் குடித்துப் பணம் கொடுத்தவர்கள் இந்தப் பக்கம் வேறு யாரும் இருந்தால், வாங்கிய காகிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். கவரோடு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வாருங்கள். நான் ஒருத்தி போய் நின்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.