பாக் விரிகுடாவின் கடற்புல்லை வரைவது எப்படி: நான்கு முறைகள், ஓர் அலசல்

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கென்றே இந்தியாவில் அறிவிக்கப்பட்ட முதல் பாதுகாப்பகம் அது. அதற்குள் 12,250 ஹெக்டேருக்கு மேல் கடற்புல் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் இந்த விலங்கு நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் புல் மேய்வது. ஆகவே புல் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குச் சரியான விடை இல்லாமல் விலங்கைக் காப்பது பற்றிப் பேச முடியாது. அந்த விடையைப் பெறப் போட்டியிடும் வழிகள் நான்கு: செயற்கைக்கோள் படம், படகில் கட்டிச் செல்லும் சோனார் (ஒலியலை அனுப்பிக் கடல்தரையைப் படமெடுக்கும் கருவி), முக்குளிப்போர் சதுரச் சட்டகம் வைத்து எடுக்கும் கணக்கு, மீனவர்களோடு உட்கார்ந்து வரையும் வரைபடம். நான்கில் எதற்குக் காசும் காலமும் முதலில் போக வேண்டும் என்பதில் ஆய்வாளர்களுக்கும் அலுவலர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. என் கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: மீனவர் வரைபடத்தில் தொடங்க வேண்டும், ஐயமுள்ள இடங்களில் முக்குளிக்க வேண்டும், ஆண்டுக்காண்டு நிகழும் மாற்றத்தைக் காணச் செயற்கைக்கோளை வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகவே நடக்கிறது.

செயற்கைக்கோளின் கவர்ச்சி எளிதில் விளங்கக்கூடியது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; படத்தின் ஒரு புள்ளி, அதாவது பிக்சல், 10 மீட்டர்ப் பக்கமுள்ள சதுரம்; இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைக் கடக்கின்றன. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல் என்பதும் இதற்குச் சாதகம். ஆனால் நீருக்குள் சிவப்பு ஒளி சில மீட்டரிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நீலமும் பச்சையும்தான் தரையைத் தொட்டுத் திரும்புகின்றன. அடர்ந்த புல், ஆழமான நீர், பாசி படர்ந்த பார் (கடலடிப் பாறைத்திட்டு), கரையொதுங்கக் காத்திருக்கும் செத்தை ஆகிய நான்கும் அந்த ஒளியில் ஏறக்குறைய ஒரே கருமையாகத் தெரியும். ஆழத்தின் விளைவைக் கழித்துவிட்டுத் தரையை மட்டும் பார்ப்பதற்கு 1978-இல் டேவிட் லைசெங்கா வகுத்த கணக்குமுறையை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். படம் முழுவதிலும் நீரின் தெளிவு ஒரே அளவில் இருக்கிறது என்பது அந்த முறையின் அடிப்படை அனுமானம். பாக் விரிகுடாவில் அந்த அனுமானம் எத்தனை நாள் நிற்கும்?

இங்கே ஒரு சிறு விவரத்தைக் கவனிக்க வேண்டும். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாள்களிலும் தொழிலுக்குப் போவது என்பது இக்கரையில் நெடுங்காலமாக உள்ள ஏற்பாடு. விசைப்படகுகளின் இழுவை மடி (தரையோடு இழுக்கும் வலை) சேற்றைக் கிளறும் நாளில் எடுக்கப்பட்ட படத்தையும், நீர் தெளிந்து கிடக்கும் நாளில் எடுக்கப்பட்ட படத்தையும் ஒன்றெனக் கொள்ள முடியாது. வாடைக்காற்றுக் காலத்தில் நீர் கலங்கிக் கிடக்கும். மழை ஓய்ந்து காற்று அடங்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் நல்ல படம் வாய்க்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தின் முற்பகுதியும் கைகொடுக்கலாம். கிழமையையும் காற்றையும் பாராமல், மேகம் குறைந்த படம் என்ற ஒரே தகுதியில் தேர்ந்தெடுத்து வரைந்த வரைபடங்களை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

சோனாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒலி கலங்கிய நீரிலும் போகும் என்பது அதன் பெரிய பலம்; இழுவை மடி உழுத தடங்கள்கூட அதன் படத்தில் கோடுகோடாகத் தெரியும். ஆனால் இரண்டு மீட்டர் ஆழத்தில் அது ஒரு வீச்சில் பார்க்கும் அகலம் மிகவும் சுருங்கிவிடுவதால், அதே பரப்புக்குப் படகு பல நடை போக வேண்டியிருக்கிறது. அதற்கும் ஆழம் குறைந்த இடங்களில் படகே தரைதட்டும். நெடிய இலையுடைய என்ஹாலஸ் போன்ற புல்லைக் காட்டிவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இலையோடு தரையில் ஒட்டிப் படரும் ஹாலோஃபிலாவை வெறும் மணலாகவே காட்டக்கூடும்.

இந்தக் குறை அற்பமானதல்ல. கடற்பசு விரும்பி மேய்பவற்றில் முதன்மையானவை ஹாலோஃபிலாவும் ஹாலோட்யூலும். இரண்டும் மென்மையானவை, நார் குறைந்தவை, எளிதில் செரிப்பவை. அதாவது செயற்கைக்கோளும் சோனாரும் எந்தப் புல்லை நன்றாகக் காட்டுகின்றனவோ அது கடற்பசுவுக்கு இரண்டாந்தரம். அது தேடிப் போகும் புல் அடர்த்தி குறைந்து, திட்டுத்திட்டாக, பெரும்பாலும் இரண்டு கருவிகளின் கண்ணுக்கும் தப்பிக் கிடக்கிறது. பசுமை நிறத்தால் அழுத்தமாக நிரப்பப்பட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு அங்கேதான் கடற்பசு இருக்கும் என்று ஒருவர் முடிவு செய்தால், அந்தத் தவறுக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. வரைபடம் அப்படித்தான் சொல்கிறது.

முக்குளித்துப் பார்ப்பது ஒன்றே இந்த மயக்கத்தைத் தீர்க்கும். உலகின் பல கரைகளில் பின்பற்றப்படும் முறை இது: 50 மீட்டர் நீளமுள்ள மூன்று கயிறுகளை இணையாக விரித்து, ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக, அரை மீட்டர்ப் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் எந்த இனம் எத்தனை விழுக்காடு என்று குறிப்பார்கள். மொத்தம் 33 சட்டங்கள். கடற்பசு மேய்ந்த தடமும் முக்குளிப்பவருக்குத்தான் தெளிவாகத் தெரியும்: புல் வேரோடும் கிழங்கோடும் பிடுங்கப்பட்டு, ஒரு சாண் அளவோ அதற்குக் குறைவாகவோ அகலமுள்ள வெறுமையான சால், வளைந்து வளைந்து சில மீட்டர் போகும். விலங்கைக் காணாமலேயே அது வந்து போனதற்கான நேரடிச் சான்று அது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 33 சட்டங்களின் மொத்தப் பரப்பு எட்டேகால் சதுர மீட்டர். சென்டினலின் ஒரே ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர். இப்படி அளக்கும் ஓரிடத்தில் அரைநாள் முக்குளித்தவர் கண்டது ஒரு பிக்சலில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. 12,250 ஹெக்டேரை இப்படி அளந்து முடிக்க எவராலும் ஆகாது. கையடக்க ஜி.பி.எஸ் கருவியின் சில மீட்டர்ப் பிழையும், படகு நீரோட்டத்தில் நகர்வதும் சேர்ந்தால், சட்டம் எந்தப் பிக்சலுக்குள் விழுந்தது என்பதே சில வேளை உறுதியாகாது. வரைபடத்தின் துல்லியம் இத்தனை விழுக்காடு என்று அறிக்கையில் ஒற்றை எண்ணாகப் போடும்போது இந்தப் பிழையெல்லாம் அந்த எண்ணுக்குள் மறைந்துவிடுகிறது.

மீனவர் வரைபடத்தை அறிக்கைகள் பெரும்பாலும் பின்னிணைப்பில் சேர்க்கின்றன. நாட்டுப்படகுக்காரர் ஒருவர் நண்டு வலை இழுக்கும்போது வலையில் சிக்கி வரும் புல்லின் இலை உருண்டையா தட்டையா என்பதைக் கவனித்தே இருப்பார். நங்கூரம் சேற்றில் இறங்கியதா மணலில் இறங்கியதா, பாரில் மாட்டியதா என்பது அவருடைய கைக்குத் தெரியும். கரையிலுள்ள கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் ஒரே கோட்டில் வைத்து, வேறு இரண்டு அடையாளங்களை மற்றொரு கோட்டில் வைத்து, இரண்டும் வெட்டும் இடத்தை நடுக்கடலில் கண்டுபிடிப்பது பழைய பழக்கம். அதற்கு மேல் அவரிடம் கருவிகள் எவற்றுக்கும் இல்லாத ஒன்று இருக்கிறது: காலம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்ததற்கு முன் எங்கே புல் இருந்தது, பின் எங்கே மண் மூடியது என்று தனித்தனியாகக் குறித்துத் தரச் சொல்லலாம். அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பழைய செயற்கைக்கோள் படங்களைத் திறந்தால், எந்த ஆண்டில் எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அதற்காக அதுவும் குறையற்றதன்று. தொழில் நடக்கும் இடம்தான் நினைவில் நிற்கும். எவரும் வலை விடாத இடம் வரைபடத்தில் வெறுமையாகவே இருக்கும். நல்ல நண்டு கிடைக்கும் இடத்தை வெளியாளிடம் எவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். இன்று தாளில் குறித்த வட்டம் நாளை தடைப்பகுதியாகிவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. பின்னர் தடைப்பகுதியான மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களைக் கேட்டால் அந்த அச்சத்துக்குக் காரணம் சொல்வார்கள். ஆகவே குறித்துக் கொடுத்தவர்களுக்கு அந்த வரைபடம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். பாதுகாப்பகம் அமைக்க வழிசெய்யும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 36அ பிரிவு, அங்குள்ள சமூகத்தினரைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. கலந்தாலோசனை என்பதை ஒருநாள் கூட்டமாகக் கருதாமல், வரைபடத்தை அவர்கள் கையில் தொடங்கவைப்பதாகக் கொண்டால் சட்டத்தின் நோக்கமும் நிறைவேறும், அலையும் நாள்களும் மிச்சமாகும்.

செலவென்று பார்த்தாலும் இவ்வரிசை நியாயமானதே. மீனவர் குறிப்புகளும் செயற்கைக்கோள் படமும் ஒத்துப்போகும் இடத்தில் முக்குளிப்பது வீண் செலவு. இரண்டும் முரண்படும் இடத்தில், குறிப்பாகப் புல் உண்டு என்று மீனவர் சொல்லி, வெறும் மணல் என்று படம் காட்டும் இடத்தில், சதுரச் சட்டத்தோடு நீரில் இறங்க வேண்டும். ஹாலோஃபிலா அங்கேதான் கிடைக்க வாய்ப்பு அதிகம். நீர் கலங்கலாக இருந்து முக்குளிப்பவருக்கும் கண் தெரியாத விளிம்புகளுக்குச் சோனாரை வாடகைக்கு எடுக்கலாம்.

எந்த முறையில் வரைந்தாலும் கடைசியில் அது ஒரு சட்ட ஆவணத்துக்குள் போய்ச் சேரும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011-இலும் 2019-இலும், கடற்புல் படுகைகளை மிக உணர்திறன் கொண்ட முதல் வகையில் சேர்த்துள்ளன. மண்டல மேலாண்மை வரைபடங்களின் அளவு 1:25,000. அந்தத் தாளில் அரை மில்லிமீட்டர்க் கோடு கடலில் பன்னிரண்டரை மீட்டர். ஆகவே விளிம்பின் துல்லியத்துக்காகச் சண்டையிடுவதைவிட, வரைபடத்தின் குறிவிளக்கத்தில் இரண்டு நிறங்களைப் பிரித்து வைப்பது முக்கியம்: பார்த்தோம், புல் இல்லை என்பது ஒன்று, இன்னும் பார்க்கவில்லை என்பது மற்றொன்று. பெரும்பாலான வரைபடங்களில் இரண்டும் ஒரே வெள்ளையாக விடப்படுகின்றன. துறைமுகத்துக்கோ தூர்வாருவதற்கோ அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் அந்த வெள்ளை முழுவதும் புல் இல்லாத இடம் என்றே வாசிக்கப்படும். அதை மறுக்க நினைப்பவர், அளவெடுக்காத ஒருவரின் விடுபாட்டுக்காகத் தம் செலவில் மீண்டும் முக்குளிக்க வேண்டியிருக்கும்.