சைப்ரஸ்: முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும்

"தீவு எப்படி அமைய வேண்டும்?" என்று மொட்டையாகக் கேட்டால், இரண்டாகப் பிரிந்து கிடக்கும் சைப்ரஸின் தெற்கில் வாழும் கிரேக்க சைப்ரியர்களில் பெரும்பாலோர் ஒற்றையாட்சி என்பார்கள். வடக்கில் வாழும் துருக்கிய சைப்ரியர்களில் பெரும்பாலோர் தனி நாடு என்பார்கள். கருத்துக் கணிப்பை அதோடு நிறுத்திவிட்டால், "சமாதானத்துக்கு ஆதரவில்லை" என்று தலைப்புச் செய்தி போடுவது சுலபம்.

அதே ஆட்களிடம் ஒவ்வொரு தீர்வையும் தனித்தனியாக வைத்து, "திருப்தி", "சகித்துக்கொள்ளலாம்", "ஏற்கவே மாட்டேன்" என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். பலருக்கு இரண்டாம் இடத்தில் இருக்கும் கூட்டாட்சி அப்போது மேலே வரும். காரணம் எளிது: எதிர்த்தரப்பு அடியோடு மறுக்காத தீர்வு அது ஒன்றுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீர்வு வந்தால் இரு சமூகங்களும் தனித்தனியே வாக்களிக்கும்; இரண்டிலும் பெரும்பான்மை கிடைத்தாக வேண்டும். ஆகவே "தீவு முழுக்க இத்தனை சதவீத ஆதரவு" என்ற எண்ணால் ஒரு பயனும் இல்லை.

ஒற்றையாட்சி

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1960-இல் மக்கள்தொகையில் துருக்கிய சைப்ரியர்கள் சுமார் 18 சதவீதம். அரசுப் பணியில் 30 சதவீதம், துணை அதிபர் பதவி, தடுப்பதிகாரம் எல்லாம் அவர்களுக்கு அரசியலமைப்பில் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. வரிச் சட்டத்துக்கு இரு சமூக உறுப்பினர்களின் பெரும்பான்மையும் தனித்தனியே தேவைப்பட்டதால் அது முடங்கியது. 1963 நவம்பரில் அதிபர் மக்காரியோஸ் (கிரேக்க சைப்ரியர்) அரசியலமைப்புக்கு 13 திருத்தங்களை முன்வைத்தார். டிசம்பரில் ரத்தம் சிந்தியது. அந்தக் காப்புகள்கூட இல்லாத ஒற்றையாட்சிக்கு வடக்கில் யார் வாக்களிப்பார்கள்?

இரு நாடுகள்

1974-இல் துருக்கி படையெடுத்த பிறகு தீவின் 36 சதவீதத்துக்கும் சற்று அதிகமான நிலம் வடக்கின் கையில் இருக்கிறது. 1983 நவம்பர் 15 அன்று அறிவிக்கப்பட்ட வட சைப்ரஸ் துருக்கியக் குடியரசை இன்றுவரை துருக்கி மட்டுமே அங்கீகரித்திருக்கிறது. அந்த அறிவிப்பு செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 541, 550 தீர்மானங்கள் சொல்கின்றன. தெற்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பதால், அதன் சம்மதமில்லாமல் இந்தத் தீர்வு நகராது.

2020-இல் வடக்கின் அதிபர் தேர்தலில் இந்த நிலைப்பாட்டோடு வந்த எர்சின் டாடார் மயிரிழையில் வென்றார். 2025 அக்டோபரில் கூட்டாட்சி ஆதரவாளரான துஃபான் எர்ஹுர்மன் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி அவரைத் தோற்கடித்தார். இதைக் கூட்டாட்சிக்கான வாக்கெடுப்பாகவே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். லிரா சரிந்ததால் ஏறிய விலைவாசி, அங்காராவின் (துருக்கி அரசின்) தலையீடு, பள்ளியில் தலைத்துணி விவகாரம் என்று எல்லாக் கோபமும் அந்தப் பெட்டிக்குள் விழுந்தது.

கூட்டாட்சி

இரு வலய, இரு சமூகக் கூட்டாட்சிக்கு (இரு சமூகத்துக்கும் தனித்தனி நிலப்பகுதி, மேலே பொதுவான ஓர் அரசு) அடித்தளம் 1977-இல் மக்காரியோஸும் துருக்கிய சைப்ரியத் தலைவர் டெங்க்டாஷும் செய்த உடன்பாடு. (ஈழத்தில் "சமஷ்டி" என்ற சொல் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு ஒரு தகவல்: இங்கே இரு தரப்பும் சொல்லை ஏற்றுக்கொண்டுவிட்டன. சண்டை பொருளில்தான்.)

2004 ஏப்ரல் 24 வாக்கெடுப்பில் அன்னான் திட்டத்துக்கு (ஐ.நா. முன்வைத்த கூட்டாட்சித் திட்டம்) வடக்கில் 64.9 சதவீதம் ஆம், தெற்கில் 75.8 சதவீதம் இல்லை. தெற்கு கூட்டாட்சியை வெறுத்தது என்று இதற்குப் பொருள் கொள்வதுண்டு. திட்டத்தின் கால அட்டவணையைப் பார்த்தால் வேறு கதை தெரியும். துருக்கிய சைப்ரியர்களுக்கு ஆட்சிப் பங்கு உடனே கிடைக்கும். கிரேக்க சைப்ரியர்களுக்குத் திரும்பவேண்டிய நிலமோ படிப்படியாக, மூன்றரை ஆண்டுகளில்தான் கைக்கு வரும். துருக்கிப் படை 2011 வரை 6,000, பிறகு 3,000. 2018-இலோ, துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தாலோதான் 650-க்கு இறங்கும். இடையில் அங்காரா மனம் மாறினால்? மீட்கக் கேட்கும் சொத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நேரடியாகத் திரும்பும், மீதிக்கு இழப்பீடு.

இதோடு, இல்லை என்று சொன்னால் தெற்குக்கு இழப்பும் இல்லை. ஒன்றியத்தில் சேரும் ஒப்பந்தத்தில் ஓராண்டுக்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது. வாக்கெடுப்பு முடிந்து ஒரே வாரத்தில், மே 1 அன்று, அது உறுப்பு நாடானது. ஆம் என்று சொன்ன வடக்கு வெளியில் நின்றது. மறுத்தவருக்குப் பரிசு, சம்மதித்தவருக்குத் தண்டனை என்று வடக்கில் இன்றும் பேச்சு.

2017 ஜனவரியில் ஜெனீவாவில் இரு தரப்பும் வரைபடம் கொடுத்தன. வடக்குப் பகுதிக்குத் தெற்கு தரத் தயாராக இருந்தது 28.2 சதவீத நிலம். வடக்கு கேட்டது 29.2. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். அந்த ஒரு சதவீதத்தில்தான் மோர்ஃபு நகரமும் அதன் ஆரஞ்சுத் தோட்டங்களும் சிக்கிக் கிடந்தன.

இப்போதுள்ள நிலை

கேட்டால் யாரும் இதை விரும்புவதாகச் சொல்வதில்லை, ஆனால் 1974 முதல் இதுவே ஜெயித்துக்கொண்டிருக்கிறது. 180 கி.மீ. நீள இடைவலயத்தை ஐ.நா. காவல் காக்கிறது. 2003-இல் கடவைகள் திறந்த பிறகு வலி மரத்துப்போனது. தலைநகர் நிகோசியாவின் லெட்ரா தெருவில் நடந்தே கடக்கலாம். சில நிமிடத்துக்குள் இரண்டு கூண்டுகளில் அடையாள அட்டையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். வண்டியில் போனால் அந்தப் பக்கத்துக்குத் தனிக் காப்பீடு. 2021-இல் ஒரே பாலாடைக்கட்டிக்கு ஹலூமி, ஹெலிம் என இரு பெயரையும் ஐரோப்பிய ஒன்றியம் பதிவு செய்தது.

சுமை மட்டும் இரு பக்கமும் சமமில்லை. தெற்கில் யூரோவும் சுற்றுலா வருமானமும் இருக்கின்றன. வடக்கின் விமானங்கள் துருக்கி வழியாகத்தான் வந்துபோக முடியும். துருக்கிய சைப்ரியர் பலரிடம் ஐரோப்பியக் கடவுச்சீட்டு உண்டு. ஆனால் துருக்கிக் குடிமக்களை மணந்தவர்களின் பிள்ளைகளில் பலருக்குத் தெற்கின் சைப்ரஸ் குடியரசு குடியுரிமை தராமல் நிறுத்தி வைத்திருக்கிறது. காத்திருப்பதால் தெற்குக்கு ஆகும் செலவு குறைவு. அதனால் அவசரமும் குறைவு.

எனவே நல்ல கணிப்பு தீர்வின் பெயரைக் கேட்டுவிட்டு நிற்காது, பண்டமாற்றைக் கேட்கும். கிரேக்க சைப்ரியரிடம்: துருக்கிப் படை வெளியேறும் தேதியும் துருக்கிக்குத் தலையிடும் உரிமை தரும் உத்தரவாத ஒப்பந்தத்தின் முடிவும் எழுத்தில் இருந்தால், சுழற்சி முறையில் ஒரு துருக்கிய சைப்ரியர் அதிபராவதை ஏற்பீர்களா? துருக்கிய சைப்ரியரிடம்: அந்தச் சுழற்சியும், அமைச்சரவை முடிவுகளில் உங்கள் தரப்பின் ஒரு சம்மத வாக்காவது கட்டாயம் என்பதும் உறுதியானால், அங்காராவின் தலையிடும் உரிமையை விடுவீர்களா? 2017-இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரெஸ் மேசையில் வைத்த கட்டமைப்பும் இவற்றை ஒரே பொதியாகத்தான் கட்டியிருந்தது. ஜூலை 7 விடிவதற்குள் அந்தப் பேச்சு முறிந்தது. யார் முதலில் எழுத்தில் கொடுப்பது என்ற தகராறில் இன்றும் ஆளுக்கொரு கதை.